அரிப்புக்கு விழுங்கிய மூன்று மாத்திரைகளும், மூளை வரை அவை போன தூரமும்

காணாக்கடி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கடித்தது எதுவென்று தெரியாமலேயே தோல் தடித்துச் சிவந்து, நகம் பட்ட இடமெல்லாம் கோடு கோடாக எழும்பி, சில மணி நேரத்தில் ஒன்றுமே நடவாததுபோல் அடங்கிவிடும். மறுநாள் வேறோர் இடத்தில் வரும். சென்ற ஆண்டு ஏழு மாதங்கள் இது என்னைப் பிடித்துக்கொண்டது. வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்று பார்த்து, கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கிப் பார்த்து, கடைசியில் மருத்துவரிடம் போனேன். அந்த ஏழு மாதங்களில் மூன்று மாத்திரைகள் என் கைக்கு வந்தன: குளோர்பெனிரமின், சிட்ரிசின், பெக்சோபெனடின். மூன்றுமே உடலில் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பவை. மருந்துக்கடையில் மூன்றையும் ‘அலர்ஜி மாத்திரை’ என்ற ஒரே பெயரில்தான் கேட்கிறார்கள். விழுங்கியபின் அவை நடந்துகொள்ளும் விதமோ வெவ்வேறு. அந்த வேறுபாடு எனக்குத் தோலில் தெரிந்ததைவிடத் தலைக்குள்தான் அதிகம் தெரிந்தது.

தலைக்குள் தெரிந்தது என்று நான் சொல்வதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்பவன். ஒரு நாளில் நாற்பது பக்கம் பார்ப்பேன். நான் விட்ட பிழைகள் இரண்டாம் மெய்ப்பில் வட்டமிடப்பட்டுத் திரும்பி வரும். ஒற்று மிகுந்ததா, ழகரம் ளகரமானதா, துணைக்கால் விடுபட்டதா என்று பார்க்கும் கண், மூளை கொஞ்சம் மந்தமானாலும் வழுக்கிவிடும். ஆகவே எந்த மாத்திரை என்னை எவ்வளவு மந்தப்படுத்தியது என்பதை என் உணர்வைக் கேட்காமல், திரும்பி வந்த தாள்களைக் கேட்டே தெரிந்துகொள்ள முடிந்தது. உணர்வைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. மந்தமான மூளைக்குத் தான் மந்தம் என்பது எப்போதும் தெரிவதில்லை.

ஹிஸ்டமினை 1907-இல் ஜெர்மனியில் விண்டவுஸும் ஃபோக்டும் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அதை உயிருள்ள உடலில் செலுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்வதையும் மூச்சுக்குழாய் சுருங்குவதையும் 1910-இல் ஹென்றி டேலும் பேட்ரிக் லெயிட்லாவும் விவரித்தார்கள். உடலின் சொந்தத் திசுக்களிலேயே அது இருக்கிறது என்று 1927-இல் உறுதியானது. திசுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதன் பெயரும் வந்தது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரே ஒரு வேதிப்படியில் அது உண்டாகிவிடும். (சூரையும் கானாங்கெளுத்தியும் பதமாக வைக்கப்படாதபோது பாக்டீரியாக்கள் இதே வேலையை மீனின் தசையில் செய்கின்றன, காணாக்கடிக்காரர் கருவாட்டை விலக்க வேண்டும் என்ற பாட்டியின் பத்தியத்தை நான் முழுவதுமாக ஒதுக்கிவிடாததற்குக் காரணம் அதுதான்.) தோலில் இதைச் சேமித்து வைத்திருப்பவை மாஸ்ட் செல்கள். ஒவ்வாத பொருள் வந்து தொட்டவுடன் அவை வெடித்ததுபோல் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. தடிப்பும் அரிப்பும் சிவப்பும் அந்தக் கசிவின் வெளித்தோற்றமே. ஹிஸ்டமின் வந்து அமரும் ஏற்பிகள் நான்கு வகை. தோலின் அரிப்புக்கு முதன்மையான பொறுப்பு முதல் வகையான எச்1 ஏற்பியினுடையது. நம் மூன்று மாத்திரைகளும் போய் அடைத்துக்கொள்வது அந்த இருக்கையைத்தான்.

இதே இருக்கை மூளையிலும் இருக்கிறது என்பதுதான் தொல்லையின் தொடக்கம். 1917-இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகோனோமோ ஒரு விநோதமான மூளை அழற்சியைப் பற்றி எழுதினார். நோயாளிகள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உறங்கினார்கள். இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்த அவர், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதி சிதைந்திருந்தவர்களே அப்படி உறங்கினார்கள் என்று கண்டு, விழிப்பைக் காக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1984-இல் ஹிஸ்டமினைத் தயாரிக்கும் நரம்பணுக்கள் சரியாக அந்தப் பகுதியில் கண்டறியப்பட்டன. மனித மூளையில் அவை ஏறத்தாழ 64,000 மட்டுமே. ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் எல்லாப் பக்கங்களுக்கும் ஓடுகின்றன. நாம் விழித்திருக்கும்போது அவை துடித்துக்கொண்டே இருக்கின்றன, தூங்கும்போது அடங்கிவிடுகின்றன. ஆகவே ‘தூக்கம் வரலாம்’ என்று மாத்திரைச் சீட்டில் பக்கவிளைவாக அச்சிடப்பட்டிருப்பது, மூளையின் பக்கம் நின்று பார்த்தால் அந்த மருந்தின் முதன்மை விளைவேதான்.

முதலில் குளோர்பெனிரமின். நான்கு மில்லிகிராம், மிக மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். அரிப்பு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தணிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று மதியம் நான் பார்த்த பக்கங்கள் திரும்பி வந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வழக்கமாக இரண்டு மூன்று வட்டங்கள் இருக்கும் இடத்தில் பதினேழு இருந்தன. ‘வாழ்த்து’ என்பது ‘வாழ்ந்து’ என்று மாறியிருந்ததைக்கூட நான் கடந்து போயிருக்கிறேன். இரவில் மட்டும் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று எண்ணியதும் பலிக்கவில்லை. இந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே இருபது மணி நேரம் அளவில் ஆகும்; இரவு பத்து மணிக்கு விழுங்கியது மறுநாள் அலுவலக நேரத்திலும் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கும்.

ஜப்பானின் செண்டாய் நகரில் தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒவ்வாமை மருந்தை விழுங்கியவர்களின் மூளையைப் பெட் ஸ்கேன் கருவியில் படம் பிடித்து, எத்தனை விழுக்காடு எச்1 ஏற்பிகளை மருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பல ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறார்கள். குளோர்பெனிரமின் வகை மருந்து இரண்டு மில்லிகிராம் அளவிலேயே ஏறத்தாழ பாதி இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. என் பதினேழு வட்டங்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. இதற்கு மேல் இது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புப் பொருளின் வேலையையும் தடுக்கிறது. வாய் வறள்வது அதனால்தான். முதியவர்களில் இத்தகைய மருந்துகளை நீண்ட காலம், அதிக அளவில் எடுத்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டது என்று 2015-இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 3,434 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு தெரிவித்தது. அது தொடர்பைக் காட்டிய ஆய்வுதான். காரணம் இதுவே என்று அது நிறுவிவிடவில்லை. இருந்தாலும் எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு நான் இதை வாங்கித் தர மாட்டேன். குழந்தைகளைப் பொறுத்தவரை, இந்த மருந்தும் மூக்கடைப்பைக் குறைக்கும் பினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறிவிட்டது. வீட்டில் பழைய புட்டி கிடந்தால் எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது சிட்ரிசின், பத்து மில்லிகிராம். ‘இது தூக்கம் வராத மாத்திரை சார்’ என்று மருந்துக்கடைத் தம்பி உறுதியாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை இருந்தது. செண்டாய் அளவீட்டில் பத்து மில்லிகிராம் சிட்ரிசின் மூளையின் எச்1 ஏற்பிகளில் 12.6 விழுக்காட்டைப் பிடித்தது; இருபது மில்லிகிராமாக்கியபோது அது 25.2 விழுக்காடானது. மருந்தின் அமெரிக்கச் சீட்டில், பத்து மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும் தூக்கம் வந்ததாக இருக்கிறது. என் தாள்களில் வட்டங்கள் நான்கு, ஐந்து என்று வந்தன; அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் தடிப்பு அடங்காததால் மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கியபோது (காணாக்கடிக்கு இத்தகைய புதிய மருந்துகளை நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே உள்ளது) பிழைகள் பத்தைத் தாண்டின. இந்த மாத்திரையை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: தூக்கம் வராது என்ற வாக்குறுதி ஒரு மாத்திரைக்குத்தான், இரண்டுக்கு அன்று.

வேகத்தில் இதுவே மூன்றிலும் எனக்குத் திருப்தியளித்தது. விலையும் ஒரு தேநீர், வடைக் கணக்கில்தான் வரும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மருந்தின் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் தினமும் சிட்ரிசினோ அதன் உறவான லெவோசிட்ரிசினோ எடுத்து, திடீரென்று நிறுத்தியவர்களுக்கு, அரிதாக, முன்பு இருந்திராத கடுமையான அரிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்தது. நான் நிறுத்தியபோது எனக்கும் உள்ளங்கையில் நான்கு நாள் அரித்தது. அது பழைய நோயா, மாத்திரை விட்டுப்போன கோபமா என்று பிரித்தறிய எனக்கு வழியில்லை.

மூன்றாவது பெக்சோபெனடின். இதன் பிறப்புக்கதை சுவையானது. டெர்ஃபெனடின் என்றொரு மருந்து, தூக்கம் தராத ஒவ்வாமை மருந்தாகப் புகழ்பெற்றிருந்தது. கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றும். அந்த மாறிய பொருள்தான் உண்மையில் வேலை செய்தது. சில பூஞ்சை மருந்துகளோடும் எரித்ரோமைசினோடும் சேர்த்து எடுத்தால் அந்த மாற்றம் தடைபட்டு, மாறாத மருந்து இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பைக் குலைத்தது. ஆகவே மாறிய பொருளையே நேரடியாக மாத்திரையாக்கினார்கள். 1996-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது, 1998-இல் பழையது சந்தையை விட்டுப் போனது. செண்டாய் அளவீட்டில் மூளையின் எச்1 ஏற்பிகளைப் பெக்சோபெனடின் பிடித்த அளவு ஏறத்தாழ சுழியம். மூளைக்குள் நுழையப் பார்க்கும் மருந்தை வாசலிலேயே பிடித்து இரத்தத்துக்குத் திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரதம் என்ற காவலாளி, இரத்தக்குழாய்ச் சுவரில் நிற்கிறது. இந்த மருந்தை அது உள்ளே விடுவதேயில்லை.

180 மில்லிகிராம், காலையில் ஒன்று. என் வட்டங்கள் பழையபடி இரண்டு மூன்றுக்கு வந்துவிட்டன. குறைகள் இல்லாமல் இல்லை. விலை சிட்ரிசினைப்போல் பல மடங்கு. தடிப்பு எழுந்தபின் போட்டால் தணிய எனக்குச் சிட்ரிசினைவிட நேரமாயிற்று. பழச்சாறோடு விழுங்கினால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. சாத்துக்குடி, ஆரஞ்சு, ஆப்பிள் எதுவும் கூடாது, வெறும் தண்ணீர்தான். முதல் வாரம் இதை அறியாமல் காலைச் சாத்துக்குடிச் சாற்றோடு விழுங்கிவிட்டு, மாத்திரை போலி என்று கடைக்காரரைச் சந்தேகித்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் இருப்பது இன்றும் உறுத்துகிறது. நெஞ்செரிச்சலுக்கு அலுமினியமும் மக்னீசியமும் கலந்த மருந்தைக் குடிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நேரம் விட வேண்டும்.

இந்த இடத்தில், மூளைக்குள் போகாதது குறையா நிறையா என்ற கேள்விக்கு வர வேண்டும். என் மைத்துனர் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி அனுப்பியிருந்தார். ஹிஸ்டமின் மூளையில் அழற்சியை உண்டாக்குகிறது, ஆகவே மூளைக்குள் நுழையும் பழைய ஒவ்வாமை மாத்திரையைத் தினமும் எடுத்தால் மூளை அழற்சியும் மறதியும் வராது என்று அதில் இருந்தது. முற்பாதியில் உண்மை இருப்பதால்தான் பிற்பாதி ஆபத்தாகிறது. அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்க்கிறேன்.

மூளையில் ஹிஸ்டமினுக்கு நரம்பணுக்கள் மட்டும் ஊற்றல்ல. மூளையுறைகளிலும் தலாமஸ் பகுதியிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. தோலில் கொட்டுவதைப் போலவே அங்கும் அவை கொட்ட முடியும். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அப்போது தளரும். மூளைக்குச் சொந்தமான காவல் அணுக்கள் மைக்ரோகிளியா என்பவை. கிருமியை விழுங்குவதும் செத்த குப்பையை அகற்றுவதும் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரிப்பதும் அவற்றின் வேலை. அவற்றின் மேல் ஹிஸ்டமின் ஏற்பிகள் உள்ளன. ஆய்வகத்தில் ஹிஸ்டமினை அவற்றின் மேல் விட்டால், டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை அவை வெளியிடுகின்றன. இதுவரை மைத்துனரின் செய்தி சரிதான்.

ஆனால் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமைதியாக இருக்கும் மைக்ரோகிளியாவை ஹிஸ்டமின் தூண்டி நகரச் செய்தது. பாக்டீரியாவின் நச்சுப்பொருளால் ஏற்கெனவே கிளர்ந்தெழுந்திருந்த மைக்ரோகிளியா மீது அதே ஹிஸ்டமின் விழுந்தபோது, அவற்றின் ஓட்டமும் இன்டர்லூக்கின்-1-பீட்டா என்ற அழற்சிப் பொருளின் வெளியீடும் குறைந்தன. அமைதியானவரைச் சீண்டுவதும் சீறுபவரை அடக்குவதும் ஒரே பொருள். எலிகளில் செய்த சோதனைகளும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் சாயலை எலிகளில் செயற்கையாக உண்டாக்கி ஆராய்வது வழக்கம். அந்த நோய்க்கு எலிகளை எளிதில் ஆளாக்கும் மரபணுக்களில் ஒன்று எச்1 ஏற்பியினுடையதே என்று 2002-இல் தெரிந்தது; அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு நோய் தணிந்தே வந்தது. அப்படியானால் ஹிஸ்டமினே இல்லாத எலிக்கு நோயே வரக் கூடாதல்லவா? 2006-இல் ஹிஸ்டமினைத் தயாரிக்க இயலாத எலிகளில் பார்த்தபோது நோய் முன்னைவிடக் கடுமையாக வந்தது. எச்3, எச்4 ஏற்பிகளை நீக்கிய எலிகளிலும் அப்படியே மோசமானது. நான்கு இருக்கைகளில் எதில் அமர்கிறது என்பதைப் பொறுத்து அதே பொருள் தீயை மூட்டவும் செய்கிறது, அணைக்கவும் செய்கிறது. இரத்தத்திலுள்ள டி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களிலும் இதே பங்கீடு உண்டு: ஒரு வகை எச்1 ஏற்பியை அதிகம் தாங்குகிறது, மறு வகை எச்2-ஐ, முதலாவது தூண்டலுக்கும் இரண்டாவது தணிப்புக்கும் வழிவிடுகின்றன என்று 2001-இல் காட்டினார்கள்.

மனிதரிடம் முயன்று பார்த்தவற்றின் வரலாறும் உற்சாகம் தருவதாக இல்லை. ரஷ்யாவில் ஒவ்வாமை மருந்தாக இருந்த லாட்ரெபிர்டின், அல்சைமர் நோயாளிகளுக்கு உதவுகிறது என்று 2008-இல் வந்த ஆய்வு பெரும் நம்பிக்கையை எழுப்பியது. 2010-இல் பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை என்று தெரிந்தது. கிளமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தை சான் பிரான்சிஸ்கோவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 50 பேரிடம் சோதித்தபோது, கண் நரம்பின் சமிக்ஞைத் தாமதம் ஒரு கண்ணுக்கு 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது என்று 2017-இல் அறிவித்தார்கள். சிறியதானாலும் உண்மையான பலன். ஆனால் அது ஹிஸ்டமினைத் தடுத்ததால் வந்ததாகக் கருதப்படவில்லை, அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தொட்டதால் வந்ததாகவே கருதப்படுகிறது. பின்னர், நோய் முற்றிக்கொண்டே போகும் வகையினரிடம் அதே மருந்தைக் கொடுத்தபோது சிலருக்கு ஊனம் விரைந்து கூடியதால் அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். மைத்துனருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம் பதிலாக வந்தது.

எனவே பெக்சோபெனடின் மூளைக்கு வெளியே நின்றுவிடுவதை நான் நிறைகளின் பக்கமே எழுதுகிறேன். தோலில் அரிக்கிறது என்பதற்காக, விழிப்பையும் கவனத்தையும் காவலணுக்களையும் ஒருசேரத் தொடும் ஓர் அமைப்பில் கைவைக்க எனக்குக் காரணம் இல்லை. மூளையின் ஹிஸ்டமினைக் கூட்டுவதற்கென்றே ஒரு மருந்து விற்கப்படுகிறது என்பதும் இங்கே பொருந்தும்: பகலில் அடக்க முடியாமல் உறங்கிவிழும் நார்கோலெப்சி நோய்க்கான பிடோலிசன்ட், எச்3 ஏற்பி என்ற கடிவாளத்தைத் தளர்த்தி ஹிஸ்டமினை ஓடவிடுகிறது. அதற்கு ஐரோப்பா 2016-இலும் அமெரிக்கா 2019-இலும் ஒப்புதல் அளித்தன. ஒருவர் காசு கொடுத்துக் கூட்டுவதை நான் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு எது என்று கேட்டால், வண்டி ஓட்டுபவர், இயந்திரத்தின் முன் நிற்பவர், தேர்வு எழுதுபவர், என்னைப்போல் எழுத்தெண்ணிப் படிப்பவர் ஆகியோர் மருத்துவரிடம் பெக்சோபெனடினைப் பற்றிக் கேட்கலாம். விலை தாங்காதவர்களுக்கு ஒற்றைச் சிட்ரிசின் இரவில் போதும். குளோர்பெனிரமினுக்கு என் வீட்டில் இனி இடமில்லை. முகமோ நாக்கோ வீங்கினாலும் மூச்சு இறுகினாலும் இந்த மூன்றில் எதையும் விழுங்கிக் காத்திருக்கக் கூடாது. அதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்குத் தடிப்பு இப்போது மாதத்துக்கு ஓரிரு முறைதான் வருகிறது. மேசை இழுப்பறையில் பெக்சோபெனடின் பட்டை ஒன்று பாதி தீர்ந்த நிலையில், சிவப்பு மைப் பேனாக்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சாத்துக்குடிச் சாற்றை மாலைக்கு மாற்றிவிட்டேன்.